கூரைத் தகரத்தை இப்போது கழற்றலாமா? செப்டெம்பர் கடைசியில் மலையக மழை

கேள்வி: கெசல்கமு ஓயாக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஜூன் தொடக்கம் சென்ற வாரம் வரை இங்கே சூரியனைக் கண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரவும் பகலும் காற்றோடு சாரல் அடித்ததில், அடுப்பங்கரையைத் தவிர வீட்டில் காய்ந்த இடமே இருக்கவில்லை. கடந்த ஐந்து நாட்களாக நிலைமை வேறாகத் தெரிகிறது. காலையில் நல்ல வெயில் அடிக்கிறது. பதினொரு மணிக்குப் பின்னர் மேகம் திரள்கிறது. இரண்டு அல்லது மூன்று மணிக்கு இடி முழக்கத்துடன் ஒரு மணித்தியாலம் கொட்டிவிட்டு மாலையில் அடங்கிவிடுகிறது. பசறையில் இருக்கும் என் மாமாவோ, அங்கே மூன்று மாதமாகச் சரியான மழை இல்லை என்றும், பீலியில் தண்ணீர் நூலாக வருகிறது என்றும் சொல்கிறார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. புதிய தகரம் வாங்கி இஸ்தோப்பில் அடுக்கி வைத்திருக்கிறோம். பழையதைக் கழற்றிப் புதியதை அடிக்க இரண்டு முழு நாள் வேண்டும் என்று கூரை வேலை செய்யும் பாஸ் கூறுகிறார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருப்பதால் வீடு நனைந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை முடிந்துவிட்டதா? அடுத்த பத்து நாட்களுக்குள் வேலையைத் தொடங்கலாமா, அல்லது ஜனவரி வரை பொறுத்திருக்க வேண்டுமா? வீட்டின் பின்புறம் மண்மேடு ஒன்று உண்டு. அதன் மேல்விளிம்பில் ஜூலை மாதம் ஒரு வெடிப்பு விழுந்தது. மழையோடு தொடர்புடையது என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன்.

பதில் 1: வட்டவளை மழைமானி

தம்பி, தோட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து ஏட்டில் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எந்த நேரத்தில் பெய்தது என்பதுதான் பருவம் மாறுவதைக் காட்டிக்கொடுக்கும். தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து நமது மேற்குச் சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. அந்தக் காற்று வீசும் வரை அதற்கு இரவு, பகல் என்ற கணக்கில்லை. காற்று தளர்ந்த பிறகு, காலை வெயிலில் மலைகள் சூடேற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகிறது. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை மழை. செப்டெம்பர் 23 அளவில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்லும் இந்த நாட்களில் இது வழமையானதே.

ஆனாலும் பருவப்பெயர்ச்சி முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால், தென்மேற்குக் காற்று மறுபடி பலம்பெற்று மூன்று, நான்கு நாட்கள் பழைய சாரலைக் கொண்டுவந்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்குத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால், அன்று கூரையில் கை வைக்காதீர்கள்.

ஜனவரி வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டு மாதங்களும் தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களுக்கு நடுவே வரும் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். அக்காலத்தில் நாட்டின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்றன. தென்மேற்குச் சரிவுகளிலோ அது 750 முதல் 1200 மில்லிமீற்றர் வரை போகும். எங்கள் வட்டவளையில் தென்மேற்குப் பருவம் முழுவதற்கும் சராசரி 3252 மில்லிமீற்றர் என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் அது பிற்பகல்களில் ஓரிரு மணித்தியாலங்களுக்குள் அடைத்துப் பெய்யும் மழை என்பதால், ஓட்டைக் கூரைக்குக் கீழே நீங்கள் படப்போகும் பாடு குறையாது. ஆகவே இப்போதே செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. இரண்டு முழு நாள் என்ற திட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, நான்கு அரை நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி, அன்று கழற்றிய பகுதியை அன்றே பதினொரு மணிக்கு முன்னர் மூடிவிட வேண்டும். தறப்பாள் ஒன்றும் கையோடு இருக்க வேண்டும். மேகம் கறுத்து முதல் இடி கேட்டதும் பாஸைக் கீழே இறக்கிவிடுங்கள். ஈரத் தகரத்தின் மேல், அதுவும் மின்னலில், யாரும் நிற்கக் கூடாது.

பதில் 2: நமுனுகுலை அடிவாரம்

உங்கள் மாமா சொல்வது முற்றிலும் சரி. உங்களுக்கு மழையைக் கொட்டிய அதே காற்று, மலைத்தொடரைக் கடந்து கிழக்கே எங்கள் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்ட காற்றாக வீசுகிறது. கச்சான் என்று சொல்கிறார்களே, அதுதான் இது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது கொழுந்தை வாட்டினாலும், ஊவாத் தேயிலைக்குப் பேர்போன அந்த வாசனையைத் தருவதும் அதுவே. பண்டாரவளை, பசறை, மடுல்சீமை எங்கும் இப்போது மண் இறுகிக் கிடக்கிறது. பிற்பகலில் மேகம் கூடினாலும் பல நாட்களில் தூறலோடு கலைந்துவிடுகிறது. ஒக்டோபர் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாகும். அதன்பின் ஜனவரி வரை எங்களுக்குத்தான் பெருமழை.

வானொலியில் ‘மத்திய மலைநாட்டில் மழை’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேற்குச் சரிவா, ஊவா மாகாணமா என்பதைக் கவனித்துக் கேளுங்கள். ஹட்டனிலிருந்து பதுளைக்கு ரயிலில் வரும் ஒருவர் பட்டிப்பொலை வரை குடைபிடித்து, ஹப்புத்தளையில் இறங்கும்போது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவது செப்டெம்பரில் அதிசயமே இல்லை.

பதில் 3: பூனாகலைச் சரிவு

கூரையைப் பற்றி ஐயா நல்ல விளக்கம் தந்துவிட்டார். என் மனம் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளிலேயே நிற்கிறது. நண்பரே, அந்த வெடிப்பை ஏன் கடைசியில் எழுதினீர்கள்? நான் எங்கள் கிராமத்து அனர்த்த முகாமைத்துவக் குழுவில் தொண்டு செய்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மூன்று மாதச் சாரலில் உங்கள் மண்மேடு நீரைக் குடித்து ஊறிப்போயிருக்கிறது. காலையில் வெயில் அடிப்பதால் மேல்மண் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த மண்ணில் ஒரு மணித்தியாலத்துக்குள் கொட்டும் இடிமழை, நாள் முழுவதும் தூறும் சாரலைவிட ஆபத்தானது. வெடிப்பு வழியே நீர் நேராக உள்ளே இறங்கினால் மேடு பாரம் தாங்காமல் வழுக்கும். கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பதை இங்கே யாருக்கும் நான் நினைவூட்டத் தேவையில்லை.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறியே ஆக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுக்கும் அறிவித்தல்கள் இந்த அளவுகளை ஒட்டியவை. ஏற்கெனவே வெடித்த மேட்டுக்கு இந்த எண்கள் வரும் வரை காத்திருக்கக் கூடாது. வெடிப்பு அகலமாவது, மரமோ கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, ஊற்றுநீர் கலங்கி வருவது, புதிய இடத்தில் நீர் கசிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் வெளியேறுங்கள்.

நாளைக்கே வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து, மேட்டுக்கு மேல் ஒரு வடிகான் வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மேட்டின் அடியை மட்டும் வெட்ட வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தார் வந்து பார்க்கும்படி கேளுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொல்லும் வரை புதிய தகரம் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில் 4: கந்தப்பளைத் தோட்டக்காரன்

எங்கள் பக்கமும் இதே நிலைதான்; காலையில் தெளிவு, பிற்பகலில் இடி. உருளைக்கிழங்குக்கு மருந்தடிப்பதையும் உரம் போடுவதையும் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்கிறோம். மின்னல் நேரத்தில் மரக்கறித் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் நிற்க வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். நிறுவை முடியவில்லை என்று மழையிலும் மலையில் நிற்கிறார்கள்.

கேட்டவரின் மறுமொழி: கெசல்கமு ஓயாக்கரை

அனைவருக்கும் நன்றி. பூனாகலை நண்பரின் பதிலைப் படித்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஜூலையில் விரல் நுழையும் அகலத்தில் இருந்த வெடிப்பில் இப்போது என் உள்ளங்கை நுழைகிறது. இன்றும் மூன்று மணி தொடக்கம் நாலேகால் வரை மழை பெய்தது. பாஸிடம் கூரை வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். இன்றிரவு நாங்கள் மூவரும் மேட்டிலிருந்து தள்ளியுள்ள சித்தப்பா வீட்டில் தங்குகிறோம். பக்கத்துக் காம்பராக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு குடும்பங்கள் பாடசாலைக்குப் போகச் சம்மதித்திருக்கின்றன, ஒரு குடும்பம் இன்னும் யோசிக்கிறது. காலையில் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்த பின்னர் எழுதுகிறேன்.