புதுப்பிப்பு: இணையத்தில் எழுதிய காசு கைக்கு வரும் வழி

வேலை போனபின் இணையத்தில் எழுதத் தொடங்குவது பற்றிய என் முந்தைய இழை மாதிரிக் கட்டுரைகள் தயாரிப்பதோடு நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கனபேர் கேட்டது, எழுதிய காசு எப்படிக் கைக்கு வரும் என்று. அதற்கான பதில் இது.

எழுத்து வேலை எடுக்கும் இணையத்தளமான ஃபைவரில் (Fiverr) 50 டொலர் வேலைக்குத் தளத்தின் கட்டணம் 20 வீதம் கழிந்து 40 டொலர்தான் மிஞ்சும். புதியவருக்கு அதுவும் வேலை முடிந்து 14 நாளின் பிறகே கிடைக்கும். முதல் மாத வாடகைக்கு இதை நம்பாதீர்கள்.

அந்தக் காசைப் பேயோனியர் (Payoneer) என்ற இணையப் பணச் சேவையில் வாங்கி, அங்கிருந்து வங்கிக்கு மாற்றும்போது பெரும்பாலும் சிக்குவது பெயர்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். பொருந்தாவிட்டால் பணம் திரும்பிவிடலாம். தொடங்குமுன்பே அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்குப் போய்ப் பெயரை முழுதாகப் பதியுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘தர்ஷன்’, ‘சாந்தி’ போன்ற பெயர்களில் ஒரு ‘எச்’ கூடினாலும் குறைந்தாலும் தடங்கல்தான்.

விலை சொல்லுமுன் மணிக்கணக்குப் பாருங்கள். தேடல், எழுத்து, திருத்தம் எல்லாம் சேர்த்து 1,000 சொல்லுக்கு 5 மணி போனால், 10 டொலர் வேலையில் ஃபைவரின் 20 வீதம் போக மணிக்கு 1.60 டொலர்தான். அந்த விலைக்கு இறங்கவே வேண்டாம்.

வேலை தர ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவர் மோசடிக்காரர். இலவசச் சோதனைக் கட்டுரை கேட்டால் 200 சொல்லோடு நிறுத்துங்கள்.