சிறிய கேரவனை இழுக்கும்போது பின்பக்கம் எவ்வளவு தெரிய வேண்டும்?

காவிரிக்கரையான், மில்டன் கீன்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியை வாங்கிவிட்டோம் என்று ஊரில் அம்மா நினைத்துக்கொண்டார். இது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, மூன்று பேர் படுத்து உறங்கக்கூடிய சிறு வண்டிதான். உடல் நீளம் 5 மீட்டர், அகலம் 2.10 மீட்டர். எங்கள் காரின் அகலம் 1.83 மீட்டர்; பக்கக் கண்ணாடிகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்தால் சரியாக 2 மீட்டர் வருகிறது. ஆகவே கேரவனின் சுவர், கண்ணாடி விளிம்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே நிற்கிறது. விற்றவர் இதைச் சுட்டிக்காட்டி, "இவ்வளவு சிறிய வண்டிக்கு, பக்கக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பொருத்தும் நீட்டுக் கண்ணாடி எதற்கு? பின்னால் கம்பியில்லாக் கேமராவும் பொருத்தித் தந்திருக்கிறேனே" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையாக ஏ5 சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாகச் சென்ற ஒரு டிராக்டரைக் கடப்பதற்காக வலப்பக்கம் நகர நினைத்தபோது கண்ணாடியில் சாலை காலியாக இருந்தது. கேமராத் திரையிலும் எதுவும் இல்லை. சமிக்ஞை விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு நொடி பொறுத்ததால்தான் தப்பித்தோம். கேரவனின் முதுகிலிருந்து முளைத்ததைப் போல ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்து எங்களைக் கடந்து போனது. அது எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் எம்6 மோட்டார்வே வழியாக ஏரி மாவட்டத்திலுள்ள கெசிக் வரை போவதாகத் திட்டம். சட்டப்படி எனக்கு நீட்டுக் கண்ணாடி தேவையா, கேமரா மட்டும் போதுமா, வாங்குவதானால் தட்டைக் கண்ணாடியா குவியாடியா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொக்குவிலான், ஹரோ:

வணக்கம் தம்பி. விற்றவர் சொன்னது தவறு. இங்கே பிரித்தானியாவில் பார்க்கப்படுவது உங்கள் பக்கக் கண்ணாடிகளின் விளிம்பு அன்று. இழுக்கும் வாகனத்தின் பின்பகுதியைவிடக் கேரவன் அகலமானதா என்பதுதான். 1.83 மீட்டர் காருக்குப் பின்னால் 2.10 மீட்டர் கேரவன் என்றால் நீட்டுக் கண்ணாடி வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை. சாரதிக்கு 20 மீட்டர் பின்னால், கேரவனின் பக்கச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 4 மீட்டர் அகலத்துக்குச் சாலை தெரிய வேண்டும் என்பதே அளவு. போதிய பின்பார்வை இல்லாமல் ஓடிப் பொலிசாரிடம் அகப்பட்டால் 1,000 பவுண் வரை தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும் கிடைக்கலாம். அதே வேளை, எவ்வளவு நீண்டாலும் நல்லது என்று நினைத்துவிடவும் வேண்டாம். கேரவனின் சுவரைத் தாண்டி 250 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணாடி துருத்தக் கூடாது. வாங்கும்போது வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் அதன் அருகே ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த முத்திரை இல்லாத மலிவான கண்ணாடிகள் இணையத்தில் ஏராளமாக விலைப்படுகின்றன.

முன்பெல்லாம் 1997க்குப் பிறகு சாரதிப் பரீட்சையில் தேறியவர்கள் பாரமான இழுவைக்குத் தனிப் பரீட்சையில் தேற வேண்டியிருந்தது. அதற்குப் பழகும்போதே கண்ணாடியைப் பற்றியும் எவராவது சொல்லித் தந்துவிடுவார்கள். 2021 டிசம்பர் 16ஆம் தேதியிலிருந்து அந்தப் பரீட்சை இல்லை. வசதிதான், மறுக்கவில்லை, ஆனால் கோடைகாலத்தில் மோட்டார்வேயில் நான் காணும் கேரவன்களில் கண்ணாடி நீட்டாதவை கண்ணில் படும்போதெல்லாம் அந்த மாற்றம்தான் நினைவுக்கு வருகிறது.

தட்டையா குவியா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. தட்டைக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் உள்ள தூரத்திலேயே தெரியும், ஆனால் காட்சி ஒடுக்கமானது. கண்ணாடி சிறிது நடுங்கினாலும் உருவம் முழுவதும் நடுங்கும். குவியாடியில் காட்சி விரிந்து தெரியும், நடுக்கமும் அவ்வளவு உறுத்தாது. ஆனால் வாகனங்கள் சிறுத்து, உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பவை போலத் தோன்றும். நான் வலப்பக்கம் தட்டையும் இடப்பக்கம் குவியும் போட்டிருக்கிறேன். முந்திச் செல்வதற்கு நகரும் பக்கம் வலது என்பதால் அங்கே தூரக்கணிப்பு பிழைக்கக் கூடாது. இடப்பக்கத்தில் சைக்கிள்காரரும் நடைபாதை விளிம்பும் தெரிந்தால் போதும். வலப்பக்கமும் குவியாடி வைத்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள்.

கண்ணாடியைச் சரிசெய்வதைச் சமதரையில், கேரவனைக் கொழுவி நேராக நிறுத்திய பிறகு, உங்கள் ஆசனத்தில் வழக்கம்போல் அமர்ந்துகொண்டே செய்யுங்கள். உட்புற விளிம்பில் கேரவனின் சுவர் ஒரு மெல்லிய கீற்றாக மட்டும் தெரிய வேண்டும். பலர் அந்தச் சுவரையே பாதிக் கண்ணாடிக்கு வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சுவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, பார்க்க வேண்டியது சாலையை.

அளவுகோல், லீட்ஸ்:

அந்த மோட்டார் சைக்கிள் எங்கே ஒளிந்திருந்தது என்பதைக் காகிதத்தில் கோடு கிழித்தே கண்டுபிடித்துவிடலாம். கார், கேரவன் இரண்டின் நடுவிலும் ஒரு நேர்கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணாடியின் வெளி விளிம்பு அந்த நடுக்கோட்டிலிருந்து 1.00 மீட்டரில் இருக்கிறது. கேரவனின் சுவர் 1.05 மீட்டரில். கண்ணாடிக்கும் கேரவனின் முன்மூலைக்கும் இடையே ஏறத்தாழ 4.5 மீட்டர், பின்மூலைக்கு 9.5 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது உங்கள் பார்வைக்கோடு கண்ணாடி விளிம்பிலிருந்து புறப்பட்டு முன்மூலையை உரசிக்கொண்டு போக வேண்டும். அந்த மூலை விளிம்பைவிட வெளியே இருப்பதால் கோடு நடுவிலிருந்து விலகி விலகியே செல்லும்: 20 மீட்டர் பின்னால் சுவரிலிருந்து 17 சென்டிமீட்டர் வெளியே போயிருக்கும், 60 மீட்டரில் 60 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். அந்தக் கோட்டுக்கு உட்புறத்தில் இருக்கும் எதுவும், எத்தனை தூரத்தில் இருந்தாலும், நேரான சாலையில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் லேனிலேயே பின்னால் வரும் ஒரு முழுக் கார் அரை மைல் தூரத்தில் இருந்தாலும் மறைந்தே வரும். "ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்; அந்த ஐந்து சென்டிமீட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நீட்டுக் கண்ணாடியால் விளிம்பை 1.25 மீட்டருக்குக் கொண்டுபோனால் கோடு திசைமாறுகிறது. இப்போது அது கேரவனின் பின்மூலையை உரசிக்கொண்டு உட்பக்கமாகச் சாய்ந்து, கேரவனுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் பின்னால் நடுக்கோட்டையே தொட்டுவிடும். மறைபகுதி முடிவில்லாத பட்டையாக இருந்தது போய், நுனியுள்ள ஒரு முக்கோணமாகச் சுருங்குகிறது. 1.80 மீட்டர் அகலமுள்ள கார் ஒன்று கேரவனுக்கு 7 மீட்டருக்கும் அதிகமான இடைவெளி விட்டு வந்தால் அதன் ஓரம் கண்ணாடியில் எட்டிப்பார்த்துவிடும். மோட்டார் சைக்கிளின் நிலை வேறு. லேனின் நடுவில் வரும், 80 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 31 மீட்டர் பின்னால் போனால்தான் தெரியும். கொக்குவிலான் சொன்ன 250 மில்லிமீட்டர் எல்லை வரை, அதாவது 1.30 மீட்டருக்கு நீட்டினால் அந்த 31 மீட்டர் 25 ஆகக் குறையும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஆறு மீட்டர் கிடைப்பது நல்ல வியாபாரம்.

சாலை வளையும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியும், மறுபக்கம் கேரவனின் சுவர் மட்டுமே தெரியும் என்பதால் இந்தக் கணக்கு நேர்ச்சாலைக்கு மட்டுமே பொருந்தும். கேரவனின் முன்சன்னலும் பின்சன்னலும் ஒரே நேரில் இருந்தால் திரைகளை விலக்கி வையுங்கள்; காருக்குள் இருக்கும் கண்ணாடி வழியாக அந்த முக்கோணத்தில் ஒரு பகுதியாவது தெரியக்கூடும்.

காவிரிக்கரையான், மில்டன் கீன்ஸ்:

இருவருக்கும் மிக்க நன்றி. எனது கேரவனின் பின்பக்கம் முழுவதும் கழிப்பறை என்பதால் சன்னல் வழியாகப் பார்க்க வாய்ப்பில்லை. அப்படியானால் அந்த முக்கோணத்துக்காவது கேமரா உதவ வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அது ஏன் மோட்டார் சைக்கிளைக் காட்டவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதின்மூன்று முள், கொவென்ட்ரி:

வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் எழுதுகிறேன். உங்கள் கேமரா மோட்டார் சைக்கிளைக் காட்டாமல் விட்டது என்பதைவிட, அது வருவதற்கு முந்தைய காட்சியிலேயே உறைந்து நின்றிருக்கலாம். கம்பியில்லாக் கேமராவின் சமிக்ஞை, கேரவனின் பின்சுவரிலிருந்து அலுமினியத் தகடுகளையும் காரின் உலோகக் கூட்டையும் கடந்து ஏறத்தாழ 10 மீட்டர் வர வேண்டும். இடையில் தடைப்பட்டால் சில திரைகள் கறுப்பாகிவிடும்; வேறு சில, கடைசியாகக் கிடைத்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது, ஏனெனில் உறைந்துபோன காலிச் சாலையும் உண்மையான காலிச் சாலையும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். திரையின் அடியில் சாலைக்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்றே அந்த நேரத்தில் அடையாளம். முடிந்தால் கம்பி வழியாக இணைக்கும் கேமராவுக்கு மாறிவிடுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கேரவனின் பின்விளக்குக் கம்பியிலிருந்து எடுத்திருந்தால், அதாவது கேரவனைக் காருடன் இணைக்கும் 13 முள் செருகியில் 5 அல்லது 7ஆம் முள்ளுடன் சேர்ந்த கம்பியிலிருந்து, காரின் விளக்கைப் போட்டால்தான் கேமரா உயிர்பெறும். 8ஆம் முள் பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்குக்கு உரியது. அதிலிருந்து எடுத்த கேமரா முன்னோக்கி ஓடும்போது வேலையே செய்யாது. 9ஆம் முள்ளில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் அதிலிருந்து எடுத்துவிட்டு மறந்தால் காரின் பேட்டரி இறங்கிவிடும்.

கேமரா நன்றாக இருந்தாலும் நீட்டுக் கண்ணாடிக்கு அது மாற்று ஆகாது. பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகவே அங்கீகரிக்கப்பட்ட கேமரா அமைப்புகள் சில புதிய வாகனங்களில் இருக்கின்றன; கடையில் வாங்கி ஒட்டுவது அந்த வகையைச் சேர்ந்தது அன்று. ஓட்டுநர் கண்ணில் படும்படி திரை வைப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது என்றாலும், வாகனத்தை ஒட்டிய சாலையைக் காண்பதற்கான திரைக்கு விலக்கு உண்டு.

இன்னொன்று, நேரடியாக என் கைக்காசு போன கதை. என் காரில், பூட்டியதும் பக்கக் கண்ணாடிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். நீட்டுக் கண்ணாடியைப் பூட்டிய முதல் நாளே ஓய்விடத்தில் இறங்கிக் காரைப் பூட்டினேன்; கண்ணாடி மடங்கிய வேகத்தில் நீட்டுப் பகுதி கதவுச் சன்னலில் மோதி, அதன் பிடியில் விரிசல் விழுந்தது. காரின் அமைப்புகளில் அந்தத் தானியங்கி மடிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு பொருத்துங்கள். இழுவைச் செருகியைக் காருடன் இணைத்ததும் பல கார்களில் பக்க மறைபகுதி எச்சரிக்கை நின்றுவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பக்கத்தில் வாகனம் இல்லை என்று அர்த்தமில்லை.

கொக்குவிலான், ஹரோ:

எம்6 பற்றி ஒரு சொல். கேரவனை இழுக்கும் உங்களுக்கு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல் எல்லை, பெரிய லொறிகள் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியால் 56 மைலிலேயே நின்றுவிடும். ஆகவே உங்களை முந்தும் பெரிய வண்டிகள் பெரும்பாலும் பேருந்துகளாகவே இருக்கும். அவை நெருங்கும்போது காற்று முதலில் கேரவனைத் தள்ளும், கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். வலக் கண்ணாடியில் அதை முன்கூட்டியே கண்டுவிட்டால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்கலாம். காணாமல் இருந்தால் திடீரென்று உலுக்கியதும் கை தானாகத் திருப்பிவிடும், அங்கேதான் கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். நெளிந்தால் பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பென்ரித்தில் 40ஆம் சந்தியில் இறங்கி ஏ66 பிடித்ததும், நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலைப் பகுதிகளில் எல்லை 50 மைல். செங்குத்தான கேர்க்ஸ்டன் கணவாய்ப் பக்கம் கேரவனோடு போகவே வேண்டாம்.

முகாமில் பின்னோக்கி எடுக்கும்போது இயன்றவரை வலப்பக்கமாகத் திருப்பும்படி அணுகுங்கள். கேரவன் வளையும் பக்கத்துக் கண்ணாடியில் அதன் பின்மூலை தெரியும். எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. வலப்பக்கம் என்றால் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியும் பார்க்கலாம்.

காவிரிக்கரையான், மில்டன் கீன்ஸ்:

நேற்று மாலை காலியாக இருந்த ஒரு வாகன நிறுத்தத்தில் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். வலது தட்டை, இடது குவி. கேரவனின் சுவரிலிருந்து 23 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி பொருத்தினேன். என் மனைவி அளவு நாடாவுடன் 20 மீட்டர் பின்னால் போய் 4 மீட்டர் தள்ளி நின்றார். இரு பக்கமும் தெரிந்தார். பிறகு மகள் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேரவனின் நடுவிலிருந்து நேர் பின்னால் நடந்து போனாள். நான் இரு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அளவுகோல் ஐயாவின் கணக்கை நம்பினாலும், அவள் அவ்வளவு தூரம் போகும்வரை கண்ணில் படாமல் இருப்பாள் என்று மனம் ஏற்கவில்லை. ஏறத்தாழ 30 மீட்டரில்தான் சைக்கிளின் கைப்பிடி நுனி வலக் கண்ணாடியின் ஓரத்தில் வந்தது. இப்போது கேமராவுக்குக் கம்பி போட ஆள் சொல்லியிருக்கிறேன்.

கொக்குவிலான், ஹரோ:

நல்லது தம்பி. கேரவனைக் கழற்றியதும் கண்ணாடிகளையும் கழற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துவிடுங்கள். தனிக் காரில் அவற்றோடு ஓடக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது மகளை மீண்டும் ஒருமுறை பின்னால் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அது சிறிது மாறித்தான் உட்காரும்.