புதுப்பிப்பு: ஐபேமில் 'பிளாக்ட்' என்று நின்ற டிஹெச்சிபி சர்வர்கள் சரியாகிவிட்டன

முன்பு கேட்டது இதுதான்: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு, ஜெயநகர் அலுவலகங்களின் ஐபி முகவரிகளை ஒரே இடத்தில் பார்க்க விண்டோஸ் சர்வர் 2019-ல் ஐபேம் (ஐபி முகவரிகளை நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி) நிறுவியும், கணினிகளுக்கு முகவரி வழங்கும் இரண்டு டிஹெச்சிபி சர்வர்களும் 'பிளாக்ட்' (ஐபேமால் அணுக முடியாத) நிலையிலேயே நின்றன. இப்போது இரண்டும் பச்சை.

முதல் கோளாறு ஜிபிஓ (குரூப் பாலிசி, அதாவது சர்வர்களுக்கு அமைப்புகளை அனுப்பும் விதித்தொகுப்பு) பெயர்களின் முன்னொட்டில். ஐபேம் அமைக்கும் விஸார்டில் ஒரு முன்னொட்டு, பவர்ஷெல்லில் இன்வோக்-ஐபேம்ஜிபிஓப்ரொவிஷனிங் கட்டளைக்கு வேறொன்று. கட்டளை மூன்று பாலிசிகளையும் உருவாக்கிவிடும், பிழைச் செய்தியும் வராது. ஆனால் ஐபேம் தேடும் பெயரில் எதுவும் இருக்காது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது வரிசை. முதலில் ஐபேமின் சர்வர் இன்வென்டரி பட்டியலில் டிஹெச்சிபி சர்வரை 'மேனேஜ்ட்' ஆக்குங்கள். அப்போதுதான் அந்த சர்வர் பாலிசியின் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் (பாலிசி யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில்) சேரும். பிறகு அந்த சர்வர் பாலிசியை உடனே பெற, அதிலேயே ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கட்டளை. கடைசியாக ஐபேமில் அக்சஸ் ஸ்டேட்டஸை ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜெயநகர் சர்வரில் டிஹெச்சிபி ஆர்பிசி (தொலைவிலிருந்து டிஹெச்சிபியை அணுகும் வழி) மட்டும் 'பிளாக்ட்' என்றது. ஐபேமுக்கான ஐபேம்யூஜி குழு, அனுமதி தரும் டிஹெச்சிபி யூசர்ஸ் குழுவில் சேர்ந்திருந்தும், ஓடிக்கொண்டிருந்த டிஹெச்சிபி சர்வீஸ் அதை அறியவில்லை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. ஏற்கெனவே லீஸ் (குறிப்பிட்ட காலத்துக்கு ஐபி முகவரி) வாங்கிய கணினிகளுக்கு இதனால் பாதிப்பில்லை, பயப்பட வேண்டாம்.

டொமைன் கன்ட்ரோலரிலேயே (நெட்வொர்க் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வரில்) ஐபேமைப் போடலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. தனி மெம்பர் சர்வர் (டொமைனில் சேர்ந்த, ஆனால் கன்ட்ரோலர் அல்லாத சர்வர்) வேண்டும். அதில் டிஹெச்சிபியும் வேண்டாம், டிஹெச்சிபி சர்வர்களைத் தானாகக் கண்டறிவது நின்றுவிடும்.

பிரின்டர், சிசிடிவி போன்றவற்றுக்குக் கையால் நிலையாகக் கொடுத்த ஸ்டாட்டிக் முகவரிகள் ஐபேமில் தாமாக வந்து சேராது. அவற்றை சிஎஸ்வி கோப்பாக இம்போர்ட் செய்துவிடுங்கள்.