ஏழாவது ஆட்டத்தில் தோற்ற அணியைத் தொடர்ந்து ஆதரிப்பது பற்றி ஒரு கேள்வி

நடுக்களம் எழுதியது:

பேஸ்பால் பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். நான் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் ரசிகன். 2022 செப்டம்பர் 30 அன்று, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகியிருந்த நிலையில், கேல் ராலே மாற்று ஆட்டக்காரராக வந்து, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடித்து, சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளேஆஃப் பக்கமே 21 ஆண்டுகளாக வராத அணியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுதான் நான் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்த முதல் ஆட்டம். அன்றிலிருந்து ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் ஸ்கோர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உரிய கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவது என் வழக்கமாகிவிட்டது.

2025-இல் அணி 90 ஆட்டங்களை வென்று, 2001-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. டெட்ராய்ட்டுடனான பிளேஆஃப் தொடரின் கடைசி ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 15 இன்னிங்ஸ் நீண்டு, ஹோர்ஹே பொலாங்கோவின் அடியில் நாம் வென்றபோது என் கை நடுங்கியதால் அந்தப் பக்கத்தில் எழுத்தே கோணலாக இருக்கிறது. அடுத்து டொராண்டோவுடனான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யூஹேனியோ சுவாரஸ் நான்கு ரன் ஹோம் ரன் அடித்தார். நான்கு வெற்றி தேவைப்படும் அந்தத் தொடரில் 3-2 என்று முன்னிலை பெற்றோம். அதன் பிறகு நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். அக்டோபர் 20, ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். நாம் 3-1 என்று முன்னணியில் இருந்தோம். இன்னும் எட்டு அவுட் எடுத்திருந்தால், 1977-இல் ஆடத் தொடங்கிய இந்த அணி முதன்முறையாக, பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸுக்குப் போயிருக்கும். அப்போதுதான் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 4-3 என்று முடிந்தது. என் புத்தகத்தில் ஸ்பிரிங்கரின் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது; அதற்கு மேல் எழுத முடியாமல் பென்சிலை வைத்துவிட்டேன்.

என் நெருங்கிய நண்பர் ஒருவர், 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாறிவிடுமாறு சொல்கிறார். விளையாட்டு என்பது மகிழ்ச்சிக்காகத்தானே என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அணியை மாற்றிக்கொள்வது தவறா? மாற்றாவிட்டால், ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடும் ஓர் அணியை, வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, இத்தகைய முடிவுகளுக்குப் பின்னும் நீங்கள் எப்படித் தொடர்ந்து பார்க்கிறீர்கள்?

வானொலிக்காரர் எழுதியது:

நண்பர் நடுக்களம் அவர்களுக்கு, உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. நானும் அதே அணியின் ரசிகன்தான், உங்களைவிடச் சற்று நீண்ட காலமாக. 1995 அக்டோபர் 8 அன்று நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தை நான் வானொலியில் கேட்டேன். பதினொன்றாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதிலும் மூன்றாவதிலும் நம் ஆள் இருந்தபோது எட்கர் மார்ட்டினெஸ் இடப்பக்கக் கோட்டை ஒட்டி அடித்த அடியில், முதல் பேஸில் நின்றிருந்த கென் கிரிஃபி ஜூனியர் ஒரே ஓட்டமாக ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்தார். டேவ் நீஹாஸ் அதை வருணித்த குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அணியின் முதல் சீசனிலிருந்து 2010-இல் காலமாகும்வரை ஒலிபரப்பிய மனிதர் அவர். அவருடைய குரலுக்காகவே நான் தோற்கும் ஆட்டங்களையும் இறுதிவரை கேட்கப் பழகினேன்.

அதன் பிறகு 2001 வந்தது. 116 வெற்றிகள், 1906-இல் சிகாகோ கப்ஸ் படைத்த சாதனைக்குச் சமமான எண்ணிக்கை. இச்சிரோ தன் முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளையும் பெற்றார். அந்த அணியே யாங்கீஸிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்று வீடு திரும்பியது. இனி ஆண்டுதோறும் இப்படித்தான் இருக்கும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று நான் நினைத்தேன். அந்த அடுத்த முறைக்கு 21 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த 21 ஆண்டுகளில் என்ன கிடைத்தது என்று கேட்டால், நான் முதலில் 2012-ஐச் சொல்வேன். அந்த ஆண்டு நம் அணி தன் பிரிவில் கடைசி இடம். ஜூலை 23 அன்று இச்சிரோவை யாங்கீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று யாங்கீஸ் ஆட வந்திருந்ததே சியாட்டிலுக்குத்தான் என்பதால், அவர் அதே நாளில், அதே மைதானத்தில், 51-ஆம் எண்ணுக்குப் பதிலாக 31-ஆம் எண் பொறித்த சாம்பல் நிறச் சட்டையில் எதிரணிக்காக இறங்கினார். முதன்முறை மட்டை பிடிக்க வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, இரு பக்கமும் திரும்பிக் குனிந்து வணங்கினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடுக்களத்துக்கு ஓர் அடி அடித்து முதல் பேஸில் போய் நின்றார். நான் அழுதேன். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் டாம்பா பே அணிக்கு எதிராக 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கி, ஒருவரைக்கூட முதல் பேஸில் கால் வைக்க விடாமல் 1-0 என்று வென்றார். கடைசி இடத்தில் இருந்த அணியின் ஆகஸ்ட் மாதப் பகல் ஆட்டம் அது. அந்த ஆண்டு வேண்டாம் என்று விலகியிருந்தவர்கள் அதைச் செய்தியாகத்தான் அறிந்திருப்பார்கள். நான் முதல் பந்திலிருந்து இருந்தேன்.

கேல் ராலேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அவர் அணிக்குள் வந்தபோது அவருடைய அடிச் சராசரி 0.180, அதாவது பத்து முயற்சிக்கு இரண்டு அடிகூட இல்லை. பந்து வருவதற்கு முன்பே மட்டை சுழலும். அல்லது பந்து போன பிறகு சுழலும். 2025-இல் அவர் 60 ஹோம் ரன் அடித்து, மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களில் வேறு எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். ஒவ்வொரு முறை பந்து வேலி தாண்டியபோதும் எனக்கு அந்த 0.180 நினைவுக்கு வந்தது, அதனால் என் மகிழ்ச்சி இரு மடங்கானது. டாட்ஜர்ஸ் மிக நல்ல அணிதான். ஆனால் இன்று நீங்கள் அங்கே போனால், அந்த ஆட்டக்காரர்கள் தடுமாறிய நாட்கள் உங்களிடம் இருக்காது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 162 ஆட்டங்களையும் திரை முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பேஸ்பாலின் கணக்கே வேறு: 116 வெற்றி பெற்ற அணியும் 46 முறை தோற்றது, 2024-இல் 121 தோல்விகளுடன் நவீன காலத்தின் மோசமான சாதனையைப் படைத்த சிகாகோ ஒயிட் சாக்ஸும் 41 முறை வென்றது. ஆகவே எந்த ஓர் ஆட்டத்தின் முடிவையும் அன்றிரவே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் உட்கார்ந்து பார்க்கிறேன், மற்றவற்றைப் பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் கேட்கிறேன், கேட்க முடியாதவற்றுக்குக் காலையில் ஸ்கோர் அட்டவணையைப் படிக்கிறேன். 2023-இல், பந்து வீசும் பிட்சர் குறித்த நேரத்துக்குள் வீச வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு ஆட்டங்களும் ஏறக்குறைய இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. பழக்கமானவர்கள் பலர் அந்தக் கடிகாரத்தைக் குறை சொன்னார்கள். அது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. இடையிடையே டகோமாவில் ஆடும் நம் இளநிலை அணியையும் கவனியுங்கள், ஏனென்றால் இன்று அங்கே ஆடும் பெயர்கள்தான் இரண்டு ஆண்டுகளில் உங்கள் புத்தகத்தின் கட்டங்களுக்கு வரும்.

அந்த ஏழாவது இன்னிங்ஸில் யாரைப் பந்து வீச அழைத்திருக்க வேண்டும் என்று நானும் பல இரவுகள் யோசித்துவிட்டேன். கடைசி இன்னிங்ஸ்களில் வீசும் நம் பிட்சர் ஆண்ட்ரெஸ் முன்யோஸ் இருந்தாரே என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

சுவர்க்கொடி எழுதியது:

நான் சிகாகோ கப்ஸ் ரசிகன். எங்கள் அணி 1908-இல் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 2016-இல். 2016 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லேண்டின் ரஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை 6-6 என்று சமன் செய்தபோது, நீங்கள் பென்சிலை வைத்ததைப் போல நானும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மழையால் 17 நிமிடம் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில்தான் மனம் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பத்தாவது இன்னிங்ஸில் பென் சோப்ரிஸ்ட் அடித்தார். 8-7 என்று வென்றோம்.

வெற்றியை விடவும் என் மனத்தில் நிற்பது எங்கள் மைதானமான ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர்தான். இந்த நாளைப் பார்க்காமல் போய்விட்ட தந்தையர், பாட்டிமார், அண்ணன்மார் ஆகியோரின் பெயர்களை ரசிகர்கள் வண்ணச் சாக்கட்டியால் செங்கற்களின் மேல் எழுதினார்கள். கைக்கு எட்டும் உயரம் வரை இடமில்லாமல் போனதும், பிள்ளைகளைத் தோளில் ஏற்றி மேலே எழுத வைத்தார்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் மிகப் பலர் பட்டம் எதையும் காணாமலே இறுதிவரை கப்ஸ் ரசிகர்களாக இருந்தவர்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வென்ற பிறகும் வலி உண்டு. 2021 ஜூலை இறுதியில் ரிஸோ, பையஸ், பிரையன்ட் என்று அந்தப் பட்டத்தின் முகங்களாக இருந்த மூவரையும் இரண்டே நாட்களில் மூன்று வெவ்வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டக்காரர்மீது அன்பு வையுங்கள், ஆனால் அவர் போய்விடுவார் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

பச்சைத்தொப்பி எழுதியது:

வானொலிக்காரர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் எதுவரை என்ற கேள்விக்கு எங்களைப் போன்றவர்களின் பதில் வேறு. நான் ஓக்லாந்து அத்லெடிக்ஸின் ரசிகனாக இருந்தவன். 1968-இல் ஓக்லாந்துக்கு வந்து, அங்கே நான்கு பட்டங்கள் வென்ற அணி அது. அணி ஊரை விட்டுப் போகவிருக்கிறது என்று தெரிந்ததும், 2023 ஜூன் 13 அன்று, வராமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் வந்து காட்டுவோம் என்று ரசிகர்கள் முடிவு செய்தார்கள்; 27,759 பேர் கூடினார்கள், அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரைக் கேட்கும் ஒற்றைச் சொல் பொறித்த பச்சைச் சட்டைகளுடன். எதுவும் மாறவில்லை. 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம். டெக்சாஸை 3-2 என்று வென்றார்கள். இப்போது அந்த அணி லாஸ் வேகஸில் மைதானம் கட்டி முடியும்வரை சாக்ரமென்டோவில், பெயரில் எந்த ஊரும் இல்லாமல், வெறும் அத்லெடிக்ஸ் என்று ஆடுகிறது.

தோல்வியை நான் பொறுத்துக்கொண்டேன். மிகக் குறைவான செலவில் அணியை நடத்தியதையும் பொறுத்துக்கொண்டேன். ரசிகனே வேண்டாம் என்று ஆன பிறகு தொடர்வதற்கு என்ன இருக்கிறது? இன்று எனக்கென்று அணி இல்லை. நல்ல பிட்சர்கள் மோதும் ஆட்டமாகத் தேடிப் பார்க்கிறேன். அதிலும் நிறைவு உண்டு, ஆனால் காலையில் எழுந்ததும் ஸ்கோர் பார்க்கும் கை இப்போது சும்மா இருக்கிறது. நடுக்களம் நண்பரே, உங்கள் அணி தோற்றிருக்கிறது, அவ்வளவுதான். அது உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

வானொலிக்காரர் எழுதியது:

பச்சைத்தொப்பி நண்பருக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சியாட்டிலும் அதைப் பட்டிருக்கிறது: 1969-இல் ஒரே ஒரு சீசன் ஆடிய பைலட்ஸ் அணியை அடுத்த ஆண்டே மில்வாக்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மரைனர்ஸும் 1995-இல் போய்விடும் நிலையில்தான் இருந்தது. அந்த அக்டோபரின் ஆட்டங்கள் எழுப்பிய உணர்ச்சியில்தான் மாநிலச் சட்டமன்றம் புதிய மைதானத்துக்கு நிதி ஒதுக்கியது. எட்கர் அடித்த அந்தப் பந்து வேறு பக்கம் போயிருந்தால் நானும் உங்களைப் போலவே எழுதிக்கொண்டிருப்பேன்.

நடுக்களம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பச்சைத்தொப்பி நண்பரின் பதிலைப் படித்த பிறகு என் கேள்வியின் முதல் பாதியைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. நான் மாறப்போவதில்லை, நண்பரிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

நேற்றிரவு அந்த ஆட்டத்தின் பதிவை ஏழாவது இன்னிங்ஸிலிருந்து பார்த்துப் புத்தகத்தை நிரப்பினேன். டொராண்டோவின் பார்ஜருக்கு நடை (எல்லைக்கு வெளியே நான்கு பந்து வீசப்பட்டால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) என்று முன்பு எழுதியிருந்தது சரியா என்று பார்த்தேன், அதற்குப் பின் கைனர்-ஃபலேஃபாவின் ஓர் அடி, ஹிமெனெஸ் தான் அவுட் ஆகி இருவரையும் நகர்த்திய மெல்லிய தட்டல். ஸ்பிரிங்கரின் கட்டத்தில் நான்கு பேஸ்களைக் குறிக்கும் வைர வடிவத்தின் நான்கு பக்கங்களையும் வரைந்து உள்ளே நிரப்பிக் கறுப்பாக்கினேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசியாக வந்த ஹூலியோ ரோட்ரிகெஸின் கட்டத்தில் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனதைக் குறிக்கும் கே (K) என்று எழுதி, அவர் மட்டையைச் சுழற்றித்தான் அவுட் ஆனார் என்பதால், சுழற்றாமல் அவுட் ஆனவர்களுக்குப் போடுவதைப் போல அதைத் திருப்பிப் போடாமல் நேராகவே போட்டேன்.

வானொலிக்காரர் ஐயாவிடம் ஒரு சிறிய சந்தேகம்: பிப்ரவரியில் பியோரியாவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும்போது, பாதியில் ஆட்டக்காரர்களைக் கூட்டமாக மாற்றுவார்களே, அவற்றுக்கும் நீங்கள் ஸ்கோர் எழுதுவதுண்டா? எழுதினால், ஒரே வரிசையில் மூன்று பெயர்களுக்கு எப்படி இடம் விடுகிறீர்கள்?