ஹையேஸ் கேம்பரில் டீசல் ஹீற்றர்: தெர்மோஸ்டாற்றை எங்கே பூட்டுவது?

நிலாவெளி_வான்:
படுத்துறங்கக் கேம்பராக மாற்றின ஹையேஸ் வானில் கட்டிலுக்குக் கீழுள்ள பெட்டிக்குள் 5 கிலோவாற்று டீசல் எயார் ஹீற்றர் பூட்டியிருக்கு. சூட்டின் அளவைக் காட்டி, வேண்டிய அளவை வைக்கும் தெர்மோஸ்டாற் டிஸ்பிளே ஸ்லைடிங் கதவுப் பக்கம். இங்கே திருகோணமலையில் போட்டுப் பார்த்தால் புகை இல்லை, ஆனால் பத்தினதுமே வேகம் குறைஞ்சிடும். நுவரெலியாவில் 20 பாகைக்கு வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகுது. டிஸ்பிளே 24 காட்டுது, படுக்கையோ ஐஸ். புகைக்குழாய் வாயில் கரியும் இருக்கு. டிஸ்பிளேயை இடம் மாற்றினால் சரிவருமா அண்ணாமார்?

கொட்டியாரக்குடா:
முதலில் சூட்டை அளக்கிற சென்சர் எங்கே இருக்கென்று பாருங்க தம்பி. டிஸ்பிளேயை இரண்டு கையாலும் பொத்திப் பிடிங்க. ஐந்து நிமிடத்தில் இலக்கம் ஏறினால் சென்சர் அதற்குள்தான். ஏறாவிட்டால் ஹீற்றர் காற்று இழுக்கிற வாயில் இருக்கு. அப்படியென்றால் டிஸ்பிளேயை எங்கே கொண்டுபோய் வைத்தும் பிரயோசனமில்லை. மூடின பெட்டி ஹீற்றரின் சூட்டிலேயே கொதிக்கும், சென்சர் அதைத்தான் அளக்கும்.

சென்சர் அந்த வாயில் இருந்தால், பெட்டியில் காற்று வர கம்பி போட்ட ஓட்டை (கிறில்) வெட்டி, அதிலிருந்து ஹீற்றர் வாய்க்கு 75 மில்லிமீற்றர் குழாய் கொடுங்க. அந்தக் குழாயின் வாய்ப்பரப்பு 44 சதுர சென்ரிமீற்றர். கிறில் கம்பிகள் கொஞ்சம் அடைக்கும், ஆகவே ஓட்டை அதைவிடப் பெரிசாக இருக்கவேணும். சூட்டுக்காற்று வெளிவரும் இடத்துக்கு ஒரு மீற்றராவது தள்ளி வெட்டுங்க. கிட்ட இருந்தால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும்.

டிஸ்பிளேக்குள் இருந்தால் உட்புறத் தடுப்புப் பலகையில், மெத்தைக்குச் சற்று மேலே பூட்டுங்க. வீட்டில் நெஞ்சு உயரம் சரி. வானில் ஆட்கள் படுத்துத்தானே இருப்பாங்க. வெளித்தகரம், கதவோரம், அடுப்புக்கு மேல், பிரிட்ஜ் பின்பக்கம் எதுவும் வேண்டாம். வயர் வரும் ஓட்டையை சிலிக்கனால் அடையுங்க. பலகைக்குப் பின்னாலிருந்து வரும் காற்று சென்சரில் பட்டால் பிழையான இலக்கம்தான் வரும்.

உப்புக்காற்று:
திருகோணமலையில் தெர்மோஸ்டாற் மோட்டில் சோதிக்கவே முடியாது. வெளியே 30 பாகை, நீங்க கேட்கிறது 20. சூடு போதுமென்று ஹீற்றர் குறைந்த வேகத்துக்குப் போகும். அது பழுதில்லை. இங்கே கைமுறை மோட்டில், அதாவது ஹேர்ட்ஸ் (டீசல் பம்ப் செக்கனுக்கு எத்தனை தரம் அடிக்குது என்பது) காட்டும் மோட்டில் ஓட்டிப் பாருங்க.

கரிக்கு இரண்டு காரணம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் அதே டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்று போதாது. ஹீற்றரில் உயரமான இடங்களுக்கான மோட் இருந்தால் மலை ஏறினதும் போடுங்க. இல்லையென்றால் பம்ப் ஹேர்ட்ஸைக் கொஞ்சம் குறையுங்க, இறங்கினதும் பழைய அளவுக்கு மாற்ற மறக்கவேண்டாம். மற்றது, ஹையேஸுக்கு 2 கிலோவாற்றே தாராளம். 5 கிலோவாற்று விடிய விடியக் குறைந்த வேகத்திலேயே கிடந்து கரி பிடிக்கும். நிறுத்த முதல் 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் கரி எரிஞ்சு போகும். பிறகு சுவிட்சால் மட்டும் நிறுத்துங்க. பற்றரியைக் கழற்றினால் விசிறி நின்று, உள்ளே சூடு தேங்கி எரிஞ்சுபோகும்.

பத்தும் நேரம், டீசலைப் பத்தவைக்கும் குளோ பிளக் 10 அம்பியர் அளவு இழுக்கும். மெல்லிய வயர் தாங்காது. நம்ம கடற்காற்றில் கனெக்டர்கள் பச்சை பிடிக்கும், வசலின் பூசிவிடுங்க.

நிலாவெளி_வான்:
பொத்திப் பார்த்தேன், ஏறவில்லை. அப்ப கிறில்தான். பெட்டிக்குள் லேசாகப் புகை மணம் இருக்கு, அது வானுக்குள் வராதா?

கொட்டியாரக்குடா:
அப்படியென்றால் இப்போதைக்கு ஹீற்றரைப் போடவே வேண்டாம். புகைக்குழாய்ப் பொருத்து பெட்டிக்குள் இருக்கக்கூடாது, கிளாம்ப் முழுக்கத் தளத்துக்குக் கீழே வரவேணும். ஹீற்றர் அடியில் உள்ள ரப்பர், தகடு இரண்டும் தளத்தோடு இறுகியிருக்கா என்று பாருங்க. எரிப்புக்காற்றுக் குழாயும் வெளியேதான், புகைக்குழாய்க்கு விலத்தி. ஒழுக்கு இருக்கும்வரை விசிறி காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவை நேரே படுக்கைக்குத் தள்ளும். மணம் முற்றாக நின்ற பிறகு, தலையணை உயரத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் பூட்டி, அதன் பட்டனை அமத்திச் சோதித்துவிட்டுக் கிறிலை வெட்டுங்க.