செயலியை வேறு ஓஎஸ்ஸில் (இயங்குதளத்தில்) திறந்தபோது பட்டன் காலை வாரிய கதைகள்

வெள்ளைத்தாள்:
ஒரே நிரலில் ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் செயலி செய்ய உதவும் ரியாக்ட் நேட்டிவில் கூடவே வரும் அந்தப் பட்டன்தான். உள்நுழைவுத் திரைக்கு நீலப் பின்னணி, பட்டனுக்கு கலர் வெள்ளை. ஐஃபோனில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது, அப்படியே அனுப்பிவிட்டேன். டெமோவில் வாடிக்கையாளர் ஆண்ட்ராய்டை நீட்டினார். திரை நடுவில் எழுத்தே இல்லாத வெள்ளைக் கட்டி. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இங்கே விளம்பரம் வருமா தம்பி?” என்றார். ஐஃபோனின் ஐஓஎஸ்ஸில் அந்தக் கலர் எழுத்துக்குப் போகிறது, ஆண்ட்ராய்டில் பின்னணிக்கு. அங்கே எழுத்து ஏற்கெனவே வெள்ளை! ஆவணத்தில் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள், யார் கண்ணில் படும்?

பழையவிசை:
எனக்கு நிறமில்லை, இடம். விண்டோஸில் ‘சரி’ இடப்பக்கம், ‘ரத்து’ வலப்பக்கம். மேக்கில் தலைகீழ். என் குறிப்பேட்டுச் செயலியில் விண்டோஸ் வரிசையைக் கையாலேயே அடுக்கி வைத்திருந்தேன். மேக் வைத்திருக்கும் தோழி, ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ பெட்டி வந்ததும் விரல் பழக்கத்தில் இடப்பக்கம் தட்டிவிட்டாள். ஆறு மாதக் குறிப்புகள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கியூட் (Qt) என்ற செயலிக் கருவித்தொகுப்பில் கியூடயலாக்பட்டன்பாக்ஸ் (QDialogButtonBox) என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று சொன்னால் போதும், அந்தந்த ஓஎஸ் வழக்கப்படி அதுவே அடுக்கிவிடும்.

மூன்றாம்பிக்சல்:
வெள்ளைத்தாள், ஆவணத்தின் மேல் பழி போடாதீர்கள், இரண்டு போனிலும் பார்க்காதது உங்கள் தப்பு. நானும் பைத்தானின் திரைக் கருவியான டிகிண்டரில் பச்சைப் பட்டன் போட்டு, மேக்கில் அது சாம்பலாகவே நின்றதைப் பார்த்தவன்தான், அதை விடுங்கள். அந்தப் பட்டனைத் தூக்கிவிட்டு தொடுதலை மட்டும் கவனிக்கும் பிரஸ்ஸபிள் என்ற உறுப்பில் நீங்களே செய்துகொள்ளுங்கள். தொடும் பரப்பு ஆப்பிள் கணக்கில் 44 பாயிண்ட், கூகுளின் வடிவமைப்பு விதிகளான மெட்டீரியல் கணக்கில் 48 டிபி (இரண்டும் திரை அளவு அலகுகள்). பெரியதை வைத்தால் இரண்டுக்கும் ஆச்சு. நிழலுக்கு ஆண்ட்ராய்டில் எலிவேஷன் என்ற அமைப்பு, ஐஓஎஸ்ஸில் ஷேடோ. நிறத்தை நேராக எழுதாமல் தீமிலிருந்து (செயலியின் பொது நிறத் தொகுப்பிலிருந்து) எடுங்கள், 2019இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் டார்க் மோட் வந்தாயிற்று. முக்கியமாக, பட்டன் உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். தமிழில் ‘கு’, ‘ரூ’ கீழ்ச்சுழி வெட்டுப்படும். பேடிங் (எழுத்தைச் சுற்றிய இடைவெளி) மட்டும் கொடுங்கள்.

வெள்ளைத்தாள்:
பிரஸ்ஸபிளுக்கு அன்று ராத்திரியே மாறியாச்சு ஐயா, நான் யோசனை கேட்கவே இல்லையே! பழையவிசை, குறிப்புகள் திரும்பக் கிடைத்ததா?

பழையவிசை:
பாதி. பழைய மடிக்கணினியில் ஒரு நகல் கிடந்தது. ‘அழி’ பட்டனை இப்போது தனியாக ஓரத்தில் வைத்திருக்கிறேன். அவள் இன்னும் பழைய பதிப்பைத்தான் ஓட்டுகிறாள்.