வீட்டுக்குச் சொன்ன 5 மி.மீ. அதிர்வு வரம்பு சுரங்கக் கூரைக்கு ஆகுமா?

வெண்ணாற்றங்கரை: வடசேரி நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்க்கும் திரியில் நேற்று ஒருவர் எழுதியது: "திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது, அடியில் இருக்கும் சுரங்கத்தில் அதிர்வு வினாடிக்கு 5 மி.மீ. தாண்டினாலே கூரை விழும், சட்டமே அப்படித்தான்." சுத்தத் தப்பு. அந்த 5, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் (DGMS) 1997 சுற்றறிக்கை, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வெளியார் வீடுகளுக்குச் சொன்னது, அதுவும் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான, அதாவது வினாடிக்கு 8 தடவைக்கும் குறைவாக ஆடும் அதிர்வுக்கு. நிலத்தடிக் கூரைக்கு 2007-ல் தனிச் சுற்றறிக்கை வந்தது. பாறையின் உறுதிக்கேற்ப வினாடிக்கு 50 முதல் 120 மி.மீ. வரை.

ஒரத்தநாட்டான்: எழுதியது நான்தான். வீட்டுக்கே 5 என்றால் தலைக்கு மேல் நிற்கும் பாறைக்கு 50-ஆ? ஆள் செத்தால் பரவாயில்லையா?

வெண்ணாற்றங்கரை: தம்பி, மேலே வெடிக்கும் முன் கீழே இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் ஓவர்மேனாக, அதாவது மேற்பார்வையாளனாக இருந்தவன் சொல்கிறேன். வெடி முடிந்து இறங்கினால் முதல் வேலை கம்பியால் கூரையைத் தட்டுவது. கணீரென்றால் சரி. டொப்பென்றால் பாறை விட்டிருக்கிறது, ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. 5 வீட்டுக்கு மட்டும்.

ஒரத்தநாட்டான்: தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம். 5 என்றால் 5.

குடவாசல் செல்வி: நடுவில் எத்தனை மீட்டர் பாறை, ஒரு டிலேயில், அதாவது ஒரே நேரத்தில் வெடிக்கும் தொகுதியில், எத்தனை கிலோ வெடிமருந்து? இரண்டு பேருமே சொல்லவில்லை. பழைய கேலரிகளின், அதாவது நிலத்தடிப் பாதைகளின், வரைபடம் தப்பாக இருந்தால் வெடித்துளை நேராக வெற்றிடத்தில் இறங்கும். தீப்பிடித்த சுரங்கத்தில் துளைக்குள் 80 டிகிரி தாண்டினால் மருந்தே போடக்கூடாது. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஒரத்தநாட்டான்: 80 கிடக்கட்டும் அக்கா, பேச்சு 5 பற்றி.

மன்னை பாலு: எங்கள் வயலில் எண்ணெய் தேடுகிறோம் என்று குழி போட்டு வெடித்தார்கள், போர்வெல் தண்ணீர் கலங்கிப்போனது. அப்போது எந்தச் சுற்றறிக்கை வந்தது?

வெண்ணாற்றங்கரை: அது நில அதிர்வு ஆய்வு. இங்கே கலக்காதீர்கள்.

மன்னை பாலு: சுரங்கத்துச் சம்பளம் பேசுகிறது. 2023 மார்ச் கடைசியில் வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது எங்கே அண்ணே இருந்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை: ஒரத்தநாட்டில்தான் நின்றேன், வேண்டாம் என்று. ஏப்ரலிலேயே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அதைச் சொல்லிக் கேளுங்கள். தப்பான எண்ணைச் சுரங்கத்துக்கு எதிரான மனுவில் எழுதினால், நாளைக்கு எதிர்த்தரப்புப் பொறியாளர் அந்த ஒரு வரியைக் காட்டியே மனு முழுவதையும் தள்ளிவிடுவார். வயிறு எரிகிறது எனக்கு. 5 வீட்டுக்கு.

ஒரத்தநாட்டான்: மனு எழுதியவன் நான். 5-ஐ எடுக்க மாட்டேன்.

மன்னை பாலு: அன்றைக்குக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர் இவர்தான்.

வெண்ணாற்றங்கரை: மைக் கதை அப்புறம். கூரைக்கு 5 என்று எந்த விதி சொல்கிறது? எண்ணைப் போடுங்கள்.